குப்புறப் படுத்தவள்

நடந்து வருகிறவர்களின் காலடி ஒன்று மாற்றி ஒன்றுதான் கேட்கும். கூடத்தில் கேட்டதோ இரண்டு காலும் சேர்ந்தாற்போல் விழும் சத்தம். தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, தொப்.

"ரூபினி?"

மகள் சொட்டுமருந்து வாங்கப் போயிருந்தாள். "மா, தலைய மட்டும் தூக்கிடாதீங்க லா. தூக்குனா கண்ணுல வெச்ச கேஸ் நகந்துரும், ஓட்டை மூடாது. அப்புறம் அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்தாள். லோகேஸ்வரிக்கு இடக்கண் எப்போதோ போய்விட்டது. இருப்பது இந்த வலக்கண் ஒன்றுதான். விழித்திரை நடுவில் விழுந்து, பார்ப்பதன் நடுப்பகுதியை மட்டும் மறைத்த ஓட்டைக்கு அறுவை செய்து, உள்ளே வாயு நிரப்பி, குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். கட்டில் விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து அவள் பார்ப்பதெல்லாம் தரைதான், அதுவும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் கலங்கலாக. மூக்கருகே வந்தால்தான் எதுவும் தெளியும்.

பாக்கார் ஆராங்கில் மாலை மழை வலுத்தது. அடுப்படித் தகரக் கூரை இரைய இரைய, பன்னீரும் சாம்பிராணியும் கலந்த ஈர வாசம் அறைக்குள் நுழைந்தது. புருசன் புவனேசனைப் பெட்டியில் வைத்திருந்த அன்று வீடு முழுக்க அடித்த வாசம்.

அன்று பெட்டி மூடும் முன், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்க்காவிட்டால் போகிறவர் போகமாட்டார் என்பார்கள்.

"அண்ணி, நா அவுக்கட்டா?" நாத்தனார் உமாராணி கேட்டாள்.

"ஏன், என் புருசனுக்கு நான் செய்யமாட்டேனா?"

வீம்பு. கண் மங்குவதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குனிந்து பார்த்தாள். பாதங்கள் தெரிந்தன, நடுவில் முடிச்சு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ முன்பே அவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்தாள். தொட்டுப் பார்க்கக் கூசியது. மாலையை இழுத்து மூடி, "அவுத்தாச்சு" என்றாள்.

தொப். கதவருகில்.

ஐயோ முருகா. நெற்றியை அழுத்திக்கொண்டாள். தூக்கக்கூடாது. தூக்கினால் கண் போய்விடும்.

தொப்.

கலங்கலில் வெளுப்பாய் ஏதோ. இன்னும் அருகே. மூக்குக்கு நேர் கீழே வந்து நின்றது.

தெளிந்தது.

இரண்டு பாதங்கள். கறுத்த நகங்கள். கட்டைவிரல்களை இறுக்கிய வெள்ளைத் துணி. நடுவில் முடிச்சு. ஓட்டையே இல்லாமல், நூல் நூலாகத் தெரிந்தது.

"என்னங்க... அவுத்துடறேங்க. இதோ, இதோ அவுத்துடறேன்."

முடிச்சைப் பற்றி இழுத்தாள். துணி நனைந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. வரவில்லை.

மேலிருந்து ஒரு கை இறங்கியது. பன்னீர் சொட்டும் குளிர்ந்த விரல்கள் அவள் தாடைக்கடியில் நுழைந்து, மெல்ல, மிக மெல்ல, முகத்தை நிமிர்த்தத் தொடங்கின.