தள்ளிவைத்த மூன்று புள்ளிகள்

டக்!

பின்கட்டிலிருந்து வந்த சத்தத்தில் நிலோஃபரின் பென்சில் கடல் வரைபடத்தின் மேல் கோணலாக ஒரு கோடு இழுத்து நின்றது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஹபீப் முகம்மது டம்ளரை வாயருகே பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

சின்னச் சத்தம்தான். இரும்பு இரும்பில் இடித்த சத்தம். தச்சநல்லூரில் அந்தத் தெருவில் வேறு யார் கேட்டிருந்தாலும் பூனை எதையோ தட்டிவிட்டது என்று விட்டிருப்பார்கள். இவர்கள் இருவருக்கும் அது வேறோர் இடத்துச் சத்தம். நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, வாய் திறந்த குப்பிகளைக் கம்பியில் கோத்து ஆழத்துக்கு இறக்கி, பிறகு மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கம்பி வழியே நழுவவிடுவார்கள். குண்டு இடித்ததும் குப்பி வாயை மூடிக்கொள்ளும். அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே சிறைப்படும். கம்பியைப் பிடித்திருக்கும் கைக்கு அது தெரியும். டக்.

"என்ன மைனி, வீட்டுலயும் குண்டு விடுதியளா?" என்று ஹபீப் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"கெணத்து மூடியா இருக்கும். காத்து அடிக்குல்லா."

"காத்தா? மழை நேர்குத்தா விழுது, காத்தே இல்ல மைனி."

ஹபீப் ஆராய்ச்சிக் கப்பலில் கம்பி இறக்குகிறவன். நிலோஃபர் கல்லூரியில் கடலியல் பாடம் நடத்துகிறவள். கடல் பெரிது, குப்பிகள் கொஞ்சம். எங்கே நின்று, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் மொண்டால், ஆழ்கடல் சூடாகிறதா, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறதா என்று சொல்ல முடியும்? அந்த இடங்களைத் தேர்ந்து கொடுப்பது அவள் பொறுப்பு. புதிய பயணத்துக்கான வரைபடத்தை வாங்கிப் போகத்தான் ஹபீப் வந்திருந்தான். எல்லா இடத்திலும் குறி விழுந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ஒன்பதாம் இடம்.

கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கிறது ஒன்பதாம் இடம். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேதான் அவள் கணவன் ரசீத் குண்டை நழுவவிட்டு, கம்பியோடு குனிந்தான். நிமிரவில்லை. கப்பல் அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியது. உடல் கிடைக்கவில்லை. மேலப்பாளையம் பள்ளிவாசலில் உடல் இல்லாமலே ஜனாஸா தொழுகை நடந்தது.

"அந்த ஒன்பதை விட்டுருங்க மைனி. அல்லா கடலை இம்புட்டுப் பெருசாப் படைச்சிருக்கான், உங்களுக்கு அந்த ஒரு எடந்தான் கண்ணுல படுதா? கப்பல்ல ஒருத்தனுக்கும் அங்கன நிக்க மனசில்ல."

"திரும்பத் திரும்ப ஒரே எடத்துல மொண்டாத்தான் தம்பி மாறுதா இல்லியான்னு தெரியும். ஒருக்க விட்டா இத்தன வருசக் கணக்கும் அந்து போவும்."

"கணக்கு அந்து போவட்டும். நீங்க அந்து போயிராதிய."

கணக்குக்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஒன்பதை அடித்துவிட்டால் இனி எந்தக் கப்பலும் அங்கே நிற்காது. ரசீத் படுத்திருக்கும் இடத்தின் மேல் ஒரு விளக்குகூட ஒரு நாழிகை எரியாது.

டக்.

இந்தத் தடவை ஹபீப் எழுந்துவிட்டான்.

"நா வாரேன் மைனி. ஆத்துல வெள்ளம் வந்து குறுக்குத்துறைக் கோயிலு முங்கிட்டாம். பாலத்தை மறிச்சுட்டா மேலப்பாளையம் போய்ச் சேர முடியாது. காலைல வந்து வாங்கிக்கிடுதேன்."

டீ பாதியிலே நின்றது. வாசலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்படியே மழையில் இறங்கி நடந்தான்.

மஃரிபு பாங்கு முடிவதற்குள் கரண்ட் போயிற்று. நிலோஃபர் அரிக்கேன் விளக்கை ஏற்றி மேசையில் வைத்தாள். ஐப்பசியின் அடைமழை ஓட்டின் மேல் ஒரே சுருதியில் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவோடையில் தண்ணீர் சலசலத்தது. எங்கோ தூரத்தில், கரையைத் தொட்டு ஓடும் தாமிரபரணியின் இரைச்சல், சந்தையில் கூடிய கூட்டம் ஒரே சமயத்தில் முணுமுணுப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை மழைக்கு வீடு சில்லிட்டிருக்க வேண்டும். ஆனால் வெக்கையாக இருந்தது. ஆட்கள் நெருக்கியடித்துப் படுத்து எழுந்துபோன அறையில் மிச்சமிருக்குமே, அந்த வெக்கை. அதோடு லேசாக ஒரு வாடை. அழுகின முட்டை வாடை.

சன்னலைத் திறக்கலாமா என்று நினைத்தாள். கை போகவில்லை.

சன்னல் ரசீதுடையது. அடைத்த அறையில் அவனுக்குத் தூக்கம் வராது. மார்கழிப் பனியிலும் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைப்பான். "மூச்சு முட்டுது நிலோ" என்பான். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு திட்டுவாள். தொழுகை முடிந்த அன்று அவள் மூடிய சன்னல், இன்னும் திறக்கவில்லை.

"மாமி, சாப்பிட வாரியளா?"

பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். ரசீதின் தாய் ஜமீலா பீவி மழை பிடித்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். மகன் போனபின் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தண்ணீரோடு பேச ஆரம்பித்தவள். தண்ணீர் என்றால் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்பாள். தவறி விழுந்துவிடுவாளோ என்று பயந்து, நிலோஃபர் கிணற்றுக்கு இரும்புத் தகட்டில் மூடி அடித்துப் பூட்டுப் போட்டாள். மோட்டார் குழாய் இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு இடைவெளி. சாவி அவள் இடுப்பில்.

அவள் வரைபடத்துக்குத் திரும்பினாள். இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. ரசீத் போனபின் நடந்த மூன்று பயணத்திலும், பயணத்துக்கு ஒரு குப்பி கோளாறு செய்திருந்தது. சுற்றியிருந்த குப்பிகள் எல்லாம் ஒன்று சொல்ல, அது மட்டும் தண்ணீர் சூடு என்றது, பிராணவாயு இல்லை என்றது. அப்படி வந்தால் குற்றம் குப்பியுடையது, கடலுடையது அல்ல. அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுபோல அவளும் அந்தப் புள்ளியைத் தள்ளிவைத்துவிடுவாள். ரசீதே சொல்வான்: "ஒத்தப் புள்ளிய நம்பாத நிலோ."

புதிய பயணத்தில் அந்த இடங்களில் இரட்டைக் குப்பி இறக்கலாம் என்றுதான் மூன்று புள்ளிகளையும் இன்று முதல் தடவையாக ஒரே தாளில் வைத்தாள்.

முதல் புள்ளி ஒன்பதாம் இடத்தில் விழுந்தது.

அடுத்தது கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே. மூன்றாவது புன்னைக்காயலுக்கு எதிரே, கரைக்கு வெகு பக்கத்தில். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சூடு.

மூன்றையும் பென்சிலால் சேர்த்தாள். கோடு வளைந்து வளைந்து கரையைச் சுற்றி வந்தது. புன்னைக்காயலில்தான் தாமிரபரணி கடலில் விழுகிறது. பென்சில் நிற்கவில்லை. ஆற்று வழியே மேலே ஏறியது. ஏரல். ஸ்ரீவைகுண்டம். அதற்கும் மேலே, தச்சநல்லூர் பக்கம்.

விளக்கைப் பார்த்தாள். எண்ணெய் இருந்தது. திரியும் இருந்தது. சுடர் மட்டும் சிறுத்துப்போய், நீலமாக, திரியின் நுனியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓர் அடைத்த அறைக்குள் ஒருவன் படுத்திருந்தால் என்ன ஆகும்? அறை சூடாகும். காற்றில் பிராணவாயு குறையும்.

கடலுக்கு அடியில் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால்?

அலமாரியில் ரசீதின் பழைய குப்பி இருந்தது. மாணவர்களுக்குக் காட்ட அவள் வைத்திருந்தது. அதோடு கட்டிய வெப்பமானி, குப்பி மூடிய கணத்தின் சூட்டை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு கயிறு, குண்டு, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக. கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். பார்த்துவிட்டு, சிரித்துவிட்டு, படுத்துக்கொள்ளலாம்.

ஜமீலா பீவி கிணற்றுச் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"எந்திரிங்க மாமி. காய்ச்ச வந்துரும்."

"பைய பேசு" என்றாள் மாமி. கண்ணைத் திறக்கவில்லை.

குழாய் இடைவெளி வழியே நிலோஃபர் குப்பியை இறக்கினாள். கயிறு கையில் நழுவியது. கீழே தண்ணீரைத் தொட்டதும் கயிறு தொய்ந்தது. பிறகு குண்டை நழுவவிடக் கயிற்றருகே கொண்டுபோனாள்.

குண்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

கயிற்றில் தெரிந்தது. டக்.

இழுத்தாள். குப்பி வாயை மூடியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, பிராணவாயு பார்க்கும் மருந்து இரண்டையும் சொட்டினாள். பிராணவாயு இருந்தால் பழுப்பாகத் திரியும். கிணற்றுத் தண்ணீர் எப்போதும் பழுப்பாகத்தான் திரியும்.

வெள்ளையாகத் திரிந்தது. ஒரு துளிப் பழுப்பு இல்லை. இறந்தவர் உடலைப் பொதியும் கஃபன் துணியின் வெள்ளை. அவனுக்குக் கிடைக்காத வெள்ளை.

வெப்பமானியை விளக்கருகே பிடித்தாள். முப்பத்தாறு புள்ளி ஒன்பது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியில் அது எவ்வளவு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

காய்ச்சல் இல்லை. ஆள் நன்றாக இருக்கிறான்.

வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். காற்று வரவில்லை. வெக்கைதான் வந்தது. அழ வேண்டும்போல் இருந்தது. ஓட வேண்டும்போல் இருந்தது. காலையில் ஹபீப் வந்து கேட்பான். எந்த இடத்தில் குறி போட்டிருக்கிறீர்கள் மைனி என்று கேட்பான்.

விளக்கு அணைந்தது.

மழை வானத்தின் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. அதில் மூடி தெரிந்தது. பூட்டு தெரிந்தது. பூட்டு இறுகியது. மூடியின் விளிம்பு ஒரு விரல் அளவு மேலே எழும்பியது. படுத்திருப்பவனின் மார்பு எழும்புவதுபோல. மெதுவாக. உள்ளிருந்து வெந்நீர் ஆவி. முட்டை வாடை.

விழுந்தது.

டக்.

மறுபடியும் எழும்பியது. இந்தத் தடவை விழவில்லை. விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே எதையோ கொடுத்துத் தாங்கியிருந்தது. நான்கு. வெள்ளையாக. நீரில் ஊறி, நகம் கழன்ற நான்கு.

நிலோஃபரின் கை இடுப்புச் சாவியைப் பிடித்தது. எடுக்கவா, மறைக்கவா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

ஜமீலா பீவி கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், கெஞ்சலாகச் சொன்னாள்:

"மழை பிடிச்ச அன்னைலேருந்து உன் பேரச் சொல்லித்தான் மொவளே கேக்குதான்... சன்னலத் தொற நிலோ, மூச்சு முட்டுதுங்கான்."