பனி ஆற்றில் மக்காச்சோளம்

குன்னத்துப் பிள்ளைகள் ஐஸைப் பார்த்ததெல்லாம் ஜூஸ் கடையில்தான். ஆனால் ஆறாம் வகுப்புப் பூவிழி ஓர் ஆற்றையே உறைய வைத்திருந்தாள், தாளில்.

மூன்று நாள் வேலை அது. உறைந்த ஆற்றின் மேல் ஒருத்தி விறகு சுமந்து போகிறாள். ஒரு பையன் தம்பியைப் பலகையில் உட்காரவைத்து இழுக்கிறான். ஒருவர் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார். பனிக்கு வண்ணமே பூசவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள்.

நான்கு மணிக்கு ஓவிய ஆசிரியர் ராஜதுரை சார் அதைப் பெரம்பலூர் கண்காட்சிக்கு எடுத்துப் போவார்.

மூன்றரைக்குத்தான் அது நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சத்யப்பிரியாவின் முழங்கை பட்டு, மஞ்சள் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. ஆற்றின் நடுவே பளீரென்று மஞ்சள்.

"ஐயோ பூவிழி, தெரியாம பட்டுடுச்சுடி!" சத்யப்பிரியா அழுதேவிட்டாள்.

துணியால் ஒற்றினார்கள். கறை போகவில்லை.  பூவிழி திட்டத்தான் வாயைத் திறந்தாள். சத்யப்பிரியா இன்னும் ஒற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

மறுபடி மஞ்சளைப் பார்த்தாள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே? காலையில்தான்! பள்ளிக்கு வந்த பஸ், ரோட்டில் காயப்போட்டிருந்ததை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனதே!

"அழாத. பிரஷ் எடு. நீ உள்ள புள்ளி வை, நெருக்கமா."

"என்ன புள்ளி?"

"மக்காச்சோளம்!"

பூவிழி மஞ்சளைச் சுற்றி நீலத் தார்ப்பாய் விளிம்பு வரைந்தாள். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வரிசை வைத்தாள்.

பின் பெஞ்சிலிருந்து முத்தமிழ்செல்வன் எட்டிப் பார்த்தான். "பனியில போய்ச் சோளம் காயப்போடுவாங்களா? ஐஸ் சோளம்தான் கெடைக்கும்!"

"ஏன், அந்த ஊர்ல வெயிலே அடிக்காதா? அடியில தார்ப்பாய் இருக்குல்ல!"

ராஜதுரை சார் வந்தார். ஓவியத்தைக் கையில் எடுத்தார்.  சத்யப்பிரியா எழுந்து நின்றாள்.

"சார், நான்தான் தண்ணியக் கொட்டிட்டேன்..."

"அப்படியா? எங்க கொட்டுன?"

சார் ஆற்றின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். விறகுக்காரியைத் தாண்டினார். பலகைப் பையனைத் தாண்டினார். மஞ்சள் வந்தது.

சாரின் விரல் நின்றது. பிறகு கல் வரிசைக்கு வெளியே ஒதுங்கி, ஒரு சோளம்கூட மிதிபடாமல், சுற்றிக்கொண்டு போனது.