எந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கிலோ கல்லுப்பைக் கொட்டினால் வீட்டுக்கே கடல் வந்துவிடும் என்று மாரிச்செல்வி நம்பினாள். வந்தது என்னவோ உப்புக் காப்பிதான்.

முதல் மடக்கு குடித்து முகம் கோணியவர் அப்பா. தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் காவலில் போலீஸ்காரர். ஒரே ஒரு நாள் விடுப்பில், மூன்று பஸ் மாறி அன்றுதான் ராஜபாளையம் வந்திருந்தார்.

“ஏட்டி, இது உன் வேலைதானே?” அம்மா கரண்டியைத் தூக்கினாள்.

“கடல்ல குளிக்க ஆசையா இருந்துச்சும்மா. மூணாப்புல இருந்து கேக்கேன். அப்பா ‘பாப்போம்’னே சொல்லுதாக. இப்ப அஞ்சாப்பே வந்துட்டேன்!”

அப்பா சிரித்தார். “பாப்போம் தாயி.”

கேட்டீர்களா!

சாயங்காலம் அப்பாவை வழியனுப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மூவரும் வந்தார்கள். அம்மா பால்கோவா வாங்கப் போனாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா பையிலிருந்து ஒரு பனையோலைப் பெட்டியை எடுத்தார். பாதிதான் முடைந்திருந்தது. அதுவும் யானை மிதித்ததுபோல் இருந்தது.

“கடற்கரையில வலை காயப்போட்டுட்டு, நிழல்ல உக்காந்து பொம்பளைக முடைவாக. பாத்துப் பாத்து நானும் முடைஞ்சேன். உனக்குத்தான்.”

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு மாசமா. டூட்டி முடிஞ்சா ரூம்ல வேற யாரு இருக்கா?”

அம்மா பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்ப்பவள். நெசவைப் பார்த்தே வளர்ந்த மாரிச்செல்விக்குத் தப்பு உடனே கண்ணில் பட்டது.

“ஒரு ஓலைக்கு மேல போனா, அடுத்த ஓலைக்குக் கீழ போகணும்ப்பா. நீங்க ரெண்டுக்கும் மேல போயிருக்கீக.”

“போலீஸ்காரனையே பிடிச்சிட்டியே!”

அவள் ஓலையைப் பிரித்துத் திருத்தி நிமிர்ந்தாள். அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். ஷூவில் வந்த தூசியே இன்னும் போகவில்லை. வர நாலு மணி நேரம், போக நாலு மணி நேரம். அவருக்கு மட்டும் வீட்டு ஆசை இருக்காதா?

“அப்பா, அடுத்த லீவுக்கு நீங்க வராதீக.”

அப்பா திடுக்கிட்டு விழித்தார். “கோவமா தாயி?”

“இல்ல, நாங்க வாரோம். நீங்க அங்கேயே தூங்குங்க. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, அம்மாவுக்குத் தறி லீவு, உங்களுக்கு டூட்டி லீவு. மூணும் ஒண்ணா வருத ஞாயித்துக்கிழமை எது? ‘பாப்போம்’ சொல்லக் கூடாது.”

பஸ் ஹாரன் அடித்தது. அம்மா பால்கோவாவோடு ஓடி வந்தாள். படியில் கால் வைத்த அப்பா கீழே இறங்கினார். போனில் டூட்டிப் பட்டியலைத் தேடினார். விரல்விட்டு எண்ணினார்.

“வார பதினெட்டாம் தேதி. காலையில முதல் பஸ்ஸைப் பிடிங்க. நான் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுலயே நிப்பேன். மூணு பேரும் நேரா கடலுக்குத்தான் போறோம்.”