மூன்றாவது வேண்டாம்

"இன்னொரு இட்லி வைக்கட்டுமா?" என்று கேட்டது பணிவி. அதுதான் வீட்டு ரோபோ.

"வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் செண்பகவல்லி அடுத்த வாய் சாப்பிட்டாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஒருமுறை சொன்னால் உபசாரம், இருமுறை சொன்னால் கூச்சம், மூன்றாவதுதான் மறுப்பு. சமையலறைப் பணிவி முதல் நீதிமன்றக் கணினி வரை எல்லாப் பொறிகளுக்கும் இதுதான் சட்டம்.

அதை எழுதியவளே அவள்தான். பொறிகளுக்குச் சொற்களின் பொருளை வகுத்துத் தரும் சொற்பொருள் வாரியத்தில் 'வ' வரிசை அவள் பொறுப்பு. விருந்தாளி வேண்டாம் என்றால் பணிவிகள் நிஜமாகவே காபி தராமல் போய்விடுகின்றன என்று புகார் குவிந்த சமயம் அது. "முதல் வாட்டி வேண்டாம்னு சொல்றதை நம்ம சனங்க என்னைக்கு மனசாரச் சொல்லியிருக்காங்க?" என்று கூட்டத்தில் கேட்டுக் கைதட்டல் வாங்கினாள். கணவர் கதிரேசன்தான் வீட்டில் கிண்டலடித்தார்.

"எனக்கு எதையும் ஒரு தடவைக்கு மேல சொல்லிப் பழக்கமில்லையே வல்லி."

"பழகிக்குங்க" என்றாள்.

இப்போது அவர் நுரையீரலில் சளி கட்டி ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. ஆனாலும் தேறிவிட்டார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். அவருக்குப் பிடித்த மிளகு ரசத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "காலைல திடீர்னு மூச்சு திணறிடுச்சும்மா. சுவாசப் பொறி வைக்கிறதுக்கு முன்னாடி வார்டுப் பணிவி நோயாளிகிட்ட கேட்டாகணும்" என்று தயங்கியபடியே பதிவைப் போட்டார் இளம் டாக்டர் நிமலன்.

"ஐயா, பொறி வைக்காமல் அப்படியே விட்டுவிடலாமா?"

"வேண்டாம்."

"கூச்சப்படாதீங்க, ஐயா."

"வேண்டாம்மா..."

பிறகு வெறும் இரைப்பு. அதற்கு மேல் பணிவியின் இனிய குரல்: "கூச்ச மறுப்பு. சம்மதமாகப் பதியப்பட்டது."

"இன்னொரு தடவை சொல்லியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போம்மா" என்றார் டாக்டர். "இப்படி ஒரு விதியை எவன் எழுதினானோ, பாவி!"

"நான்தாங்க எழுதினேன்" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். பணிவி வழக்கம்போல இரண்டு தட்டு போட்டது.

"ஐயாவுக்கும் இட்லி வைக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கூச்சப்படாதீங்க."

"வேண்டாம்."

மூன்றாவதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பணிவி அவருடைய தட்டில் நான்கு இட்லி வைத்து, பக்கத்தில் சட்னியும் ஊற்றியது.