பாறை மணி அறிவிப்பு

துறைமுக ஆபீஸில் கப்பல்காரர்களுக்கான அரசாங்க அறிவிப்புகளை எழுதுவது என் வேலை. எந்த விளக்கு எரியும், எந்த மிதவை இடம் மாறியது, இன்ன தேதி முதல் எது நிறுத்தப்படுகிறது. இருபத்தாறு வருஷமாக எழுதி எழுதி, எதைப் படித்தாலும் கொட்டாவிதான் வரும்.

துறைமுக வாயிலில் உள்ள பாறையில் மூடுபனிக் காலத்துக்கென்று ஒரு மணி இருந்தது. அதை நிறுத்தும் அறிவிப்பும் நான் எழுதியதுதான். ஆட்கள் போய் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். படகில் இடமில்லை என்று மணிக்காரரை மட்டும் விட்டுவிட்டு வந்தார்கள். அவரை அழைத்துவரப் படகு கேட்கும் சீட்டு என் மேஜைக்கு வந்தது. அன்று உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காகிதக் கட்டுக்குள் செருகினேன்.

ஆறாம் நாள்தான் ஞாபகம் வந்தது.

பாறையில் குடிநீர் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து மூன்று கேப்டன்கள் ஒரே புகாரோடு வந்தார்கள். பனி இறங்கினால் பாறையில் மணி கேட்கிறதாம்.

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க," என்றார் ஹெட் கிளார்க். "அங்க மணி இல்ல, சத்தம் கேட்டாலும் நம்பாதீங்கன்னு ஒரு அறிவிப்பு போட்டுடலாம்."

பகல் இரண்டு மணிக்குப் படகோட்டி என்னைப் பாறையில் இறக்கிவிட்டார். முட்டி வலியோடு மணி அறைக்கு ஏறினேன். சின்னக் கல் அறை. பாசி நாற்றம். மூலையில் கவிழ்த்து வைத்த ஒரு தகரக் குவளை. மணி தொங்கிய உத்தரம் மொட்டையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வெளுத்தது. கடலை மூடிக்கொண்டு பனி வந்துவிட்டது.

"சார்," என்றது வெளியே படகோட்டியின் குரல். "எதுக்கு மணி அடிக்கிறீங்க?"

என் இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருந்தன.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஆனால் தலைக்கு மேலே உத்தரம் அதிர்ந்தது. உளுத்த தூள் தோளில் உதிர்ந்தது. அதிரும், நிற்கும், மறுபடி அதிரும். களைத்துப்போன ஒருவர், நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் இழுத்துக்கொண்டே இருப்பது போல.

எப்படிப் படகில் விழுந்தேன் என்று தெரியாது. துடுப்பின் நுனிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மணிச் சத்தத்தை முதுகுப் பக்கமே வெச்சுக்கிட்டுப் போறேன் சார்," என்று கிசுகிசுத்தார் படகோட்டி. "வேற வழி இல்ல."

அப்படித்தான் கரை சேர்ந்தோம்.

மறுநாள் பேனாவை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம்பாதே என்று எழுதினால், அடுத்த பனியில் ஏதாவது ஒரு கப்பல் நேராகப் போய் அந்தப் பாறையில் மோதும். ஒரு ஆள் போனது போதும். 'மூடுபனியில் பாறை மணி முன்போலவே ஒலிக்கும்' என்று எழுதினேன். எங்கள் ஆபீஸின் பெரிய அதிகாரி துரை, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் எதைத்தான் படித்திருக்கிறார்.

அடுத்த மாதம் சரக்குக் கப்பல் கேப்டன் ஒருவர் என் மேஜையைத் தேடி வந்தார்.

"உங்க அறிவிப்பைப் படிச்சதால பிழைச்சோம். நேத்து அந்த மணி மட்டும் இல்லைன்னா பதினெட்டு பேரும் போயிருப்போம்." தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ரொம்பக் கிட்டத்துல போயிட்டோம். மணிக்காரரையே பார்த்தேன். பாவம், உதடெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. ஆபீஸ்ல ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொன்னார்."

"என்ன?"

"போன மாசம் ஒரு குமாஸ்தா வந்தாராமே, அவர்தானே எனக்கு மாத்து ஆளு, ஏன் திரும்பிப் போயிட்டாருன்னு கேட்டார்."