பிரேக் இன்ஸ்பெக்டரும் பளபளத்த வேனும்

"ஏனுங்க... யாருங்க அது, என்ற வண்டிக்கு அடியில?"

ஆஷ்லி திரும்பவில்லை. சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, பின்சக்கரத்துப் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். பேசிய ஆளின் கறுப்பு ஷூ இரண்டும்தான் கண்ணில் பட்டன.

"பிரேக் இன்ஸ்பெக்டருங்க. நீங்கதான் ஓனருங்களா? மேல ஏறி பிரேக்கை நல்லா மிதிச்சுப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

"அட... பொண்ணுங்களா இன்ஸ்பெக்டரு!"

"மிதிக்கறதுக்கு யாரா இருந்தா என்னங்க? மிதிங்க!"

மே மாதக் கடைசி. பள்ளி திறக்கும் முன்னால் மேட்டுப்பாளையம் வட்டாரத்துப் பள்ளி வேன்களையெல்லாம் ஒரே மைதானத்தில் நிறுத்திச் சோதிப்பது வருஷா வருஷம் நடப்பதுதான். வேன்களும் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல ஜோடித்துக்கொண்டு வரும். மேலே மஞ்சள், அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட். அடிப்பக்கமும் மின்னினால்தான் ஓனருக்குக் கெத்து. ஆஷ்லிக்கோ அதைக் கண்டாலே ஆகாது. மேலாகப் படிந்த துருவா, இரும்பையே தின்றுவிட்ட துருவா என்று கண்ணால் பார்த்துத்தானே தீர்ப்புச் சொல்ல முடியும்? பூசி மெழுகிவிட்டால் எதைப் பார்ப்பது?

இந்தக் கண்டிப்புதான் அவள் கல்யாணத்துக்கும் குறுக்கே நின்றது. வந்த வரன்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டு நழுவினார்கள். கடைசியாக வந்த ஆர்.எஸ்.புரத்து மாப்பிள்ளை, "வேலையில கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கலாமில்லீங்க?" என்று கேட்டான். முடியாது என்றாள். அவன் முகம் சுண்டிப்போனது. ஒரு பெண் சொல்லும் 'முடியாது' என்ற சொல்லைத் தாங்கிக்கொள்ளும் ஆண்பிள்ளை கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்... அன்றோடு முடிவு கட்டிவிட்டாள்.

திடீரென்று சடசடவென மழை பிடித்துக்கொண்டது.

"காலை எடுத்துட்டு இறங்கி வாங்க... ஒண்ணு காட்டோணும்" என்று கத்தினாள்.

அவன் நனைந்தபடி வேனுக்கு அடியில் நுழைந்தான். நெற்றியில் ஒட்டிய முடி. மழைத்துளி தொங்கும் இமைகள். அவற்றுக்குக் கீழே, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கண்கள். பைப்பில் அடிக்க வேண்டிய டார்ச்சை ஆஷ்லி அவன் முகத்திலேயே பிடித்திருந்தாள். பிடிக்கலாமா? வேலை நேரத்தில் இதென்ன கூத்து!

"நான் ஜெப்ரிங்க..."

"இங்க பாருங்க" என்றாள் அவசரமாக. "பிரேக் பைப்பு ஜாயின்ட்டுல பெயின்ட் உப்பி உரிஞ்சிருக்கு."

"ஈரத்துல அடிச்சதுங்க. காய்ஞ்சிருக்காது."

"மத்த எடமெல்லாம் எப்படிக் காய்ஞ்சுது? பிரேக் ஆயில் பட்டாத்தான் பெயின்ட் இப்படி உப்பும். சுரண்டிப் பாருங்க... உள்ள துருப்புடிச்சுக் கசியுது."

"நானே பாத்துப் பாத்து அடிச்ச பெயின்ட்டுங்க, மேடம்! சுரண்ட மாட்டேன்."

விட்டுவிடேன், கண்ணைப் பார்த்தாயா என்று மனசு கெஞ்சியது. கோத்தகிரி மலைப்பாதை வளைவில், பிள்ளைகளோடு இறங்கும்போது பெடல் அப்படியே உள்ளே போனால் என்று அறிவு கேட்டது. ஆஷ்லி வெளியே வந்து எழுந்து நின்றாள்.

"இந்த வண்டி பாஸ் இல்லீங்க."

பந்தலில் ஒதுங்கி நின்ற ஓனர்கள் காதில் அது நன்றாகவே விழுந்தது. "என்ன ஜெப்ரி, உன்ற வண்டிக்கே இந்தக் கதியா!" என்று உமர் பாரூக் பாய் வாய்விட்டுச் சிரித்தார். ஜெப்ரியின் முகம் சிவந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் போய்விட்டான்.

போகட்டும்... இவனும் அந்தக் கூட்டம்தான். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, எந்த வேனுக்கு அடியில் படுத்தாலும் மழை சொட்டும் அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வந்தன. போன ஒருவனுக்காக இப்படி ஏங்கியது அவளுக்கே புதிது.

மறுசோதனை நாள். ஜெப்ரி வந்தான். நேராக அவளிடம் வராமல் ஓனர்கள் நடுவில் போய் நின்றான். கையில் ஒரு பழைய பைப்.

"எல்லாரும் பாத்துக்கங்க. பெயின்ட்டைச் சுரண்டினேன்... கத்தி முனை பட்டதும் ஓட்டை உழுந்துபோச்சு. மேடம் சொன்னது நெசம். பவுசுக்காகப் பூசி, நானே மறைச்சுப்போட்டேன். உங்க வண்டியையும் சுரண்டிப் பாத்துருங்க பாய்."

உமர் பாரூக் சிரிக்கவில்லை. கத்தி தேடிப் போனார்.

 அதற்காக ஆஷ்லி சலுகை காட்டவில்லை. சாக்கை விரித்தாள், மிதிக்கச் சொன்னாள், ஜாயின்ட் ஜாயின்ட்டாக விரலால் தடவினாள். அடிப்பக்கம் பெயின்ட் இல்லாமல் வெறுமையாக இருந்தது. புது பைப் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. "பாஸ்" என்று சொல்லி ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

அவன் கிளம்பவில்லை.

"இன்னும் என்னங்க?"

"ஒண்ணு சொல்லோணும்... முன்னாடியே சொல்லியிருந்தா வண்டிக்காகச் சொன்ன மாதிரி ஆயிருக்கும். அதான் பொறுத்திருந்தேன்." அவன் பார்வை ஒரு தரம் தாழ்ந்து நிமிர்ந்தது. "உங்களைப் புடிச்சிருக்குங்க. அன்னிக்கு அந்த மழையிலயே..."

"அதான் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனீங்களா?"

"கோவம் உங்க மேல இல்லீங்க. புடிச்ச பொண்ணு முன்னாடி தப்பா நிக்கறமேன்னு..."

ஆஷ்லி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, நான் முடியாதுன்னு சொல்லிட்டா?"

"முடியாதுன்னா முடியாதுதானுங்க. மரியாதையா வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன். ராத்திரிக்குச் சோறு எறங்காது, அவ்வளவுதான்."

முகம் சுண்டவில்லை. குரல் உயரவில்லை. கண்களில் பயம் மட்டும் அப்பட்டமாகத் தெரிந்தது. எத்தனையோ பேருக்குத் தயங்காமல் சொன்ன அந்தச் சொல், இவனுக்கு மட்டும் அவள் வாயில் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் உங்கம்மாவைக் கூட்டிட்டு எங்க ஊட்டுக்கு வாங்க" என்றாள். "எங்கம்மா முன்னாடி மேடம்னு மட்டும் கூப்பிட்டுறாதீங்க, ஜெப்ரி... எனக்கும் உங்களைப் புடிச்சிருக்குங்க."