நுஜூம் குகைக்குப் போன வெள்ளிக்கிழமை

"இந்த வெள்ளிக்கிழமை குகை! வாறியா, மாட்டியா? ஒத்த வார்த்தையில சொல்லு!"

சமையலறை வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள் ஜெனிட்டா. அடுப்பில் நுரைகட்டி வந்த ரசத்திலிருந்து கண்ணை எடுக்காமலே செண்பகவல்லி சொன்னாள்:

"மாட்டேன்."

"ஏன்?"

"ஒத்த வார்த்தைதானே கேட்ட? சொல்லியாச்சு."

ஓமான் நாட்டின் சூர் நகரத்தில் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஜெனிட்டா ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். முட்டம் கடற்கரையில் பிறந்தவள். நடை பழகும்போதே நீச்சலும் பழகியவள். செண்பகவல்லிக்குக் கோவில்பட்டிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வளர்ந்த கரிசல் காட்டில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு, இதில் நீந்துவதற்கு எங்கே போவது? ஊர்விட்டு வந்த புதிதில் விடுமுறை நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை, மேல்மாடி நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போய் கைகால் அடிக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜெனிட்டாதான். இப்போது செண்பகவல்லியால் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடியும். ஆனால் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி இருக்கவேண்டும்!

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்க. நான் பக்கத்துலயே வருவேன். மலைக்குள்ள ஒரு குகை, குகைக்குள்ள ஒரு அருவி! கூரையில இருக்க ஓட்டை வழியா வெயில் விழுமாம். பாத்துட்டு வந்தவங்க எல்லாம் பேச்சு வராம நிக்காங்கட்டி!"

செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள். ஜெனிட்டாவின் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துலயே வருவியா? சத்தியமா?"

"சத்தியமா!"

வெள்ளிக்கிழமை காலையில் ஜெனிட்டாவின் சின்னக் கார் மலையைப் பார்த்து ஓடியது. மலைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றுப் பள்ளத்தாக்கை அந்த ஊரில் வாடி என்பார்கள். நுஜூம் வாடியின் வாசலில் ஒரு பேரீச்சந்தோப்பும் சில வீடுகளும் இருந்தன. தோப்புக்காரர் ஹம்தான் அவர்களைத் தடுத்து, காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். மஸ்கட்டில் மலையாளிகளோடு வேலை பார்த்தவர் அவர். மலையாளம் பேசுவார். வானத்தைக் காட்டி, விரலை ஆட்டி எச்சரித்தார்:

"மழ வந்நால் முகளில் கேறிக்கோ! தாழெ நிக்கண்டா!"

"என்ன சொல்றாரு?" என்றாள் செண்பகவல்லி.

"மழை வந்தா மேல ஏறிக்கணும், கீழ நிக்கக் கூடாதாம். வானத்தைப் பாரு, ஒரு பொட்டு மேகம் உண்டா? வா, வா!"

புறப்பட்டார்கள்! இருபுறமும் செங்குத்தாக எழுந்து நின்றன பழுப்பு மலைகள். நடுவே யானை யானையாக உருண்டைப் பாறைகள். ஒன்றில் ஏறி, அடுத்ததில் தாவி, சில இடங்களில் உட்கார்ந்தபடியே சறுக்கி முன்னேறினார்கள். வெயில் உச்சந்தலையைச் சுட்டது. செண்பகவல்லி துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டாள். மேலே பாறை விளிம்புகளில் ஆடுகள் காலை மாற்றி மாற்றி வைத்து, செடிகளை மேய்ந்துகொண்டிருந்தன.

திடீரென்று பாதை முடிந்தது. எதிரே பச்சைக்கண்ணாடி போல ஒரு குளம்!

"இனி நீச்சல்தான்!" ஜெனிட்டா தண்ணீரில் பாய்ந்தாள்.

செண்பகவல்லி லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை இழுத்து இழுத்துச் சரிபார்த்தாள். காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அடியில் கிடந்த கூழாங்கற்கள் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை.

"பிடிக்கக் கம்பி இல்லையே ஜெனி!"

"நாந்தான் கம்பி! வாட்டி!"

கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள். குளிர் நெஞ்சைக் கவ்வியது. முதலில் வாய்க்குள் தண்ணீர் போய் இருமினாள். பிறகு ஜாக்கெட் அவளை ஏந்திக்கொண்டது. கையை வீசினாள், காலை உதைத்தாள். ஒரு குளம் கடந்தது. அடுத்ததும் கடந்தது. கடைசிக் குளத்தின் முடிவில் மலை குறுக்கே நின்றது. அந்த மலையில், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இடுக்கு. தண்ணீருக்கும் மேல்பாறைக்கும் நடுவே தலை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"இதுக்குள்ளயா?" செண்பகவல்லி பாறையைப் பற்றிக்கொண்டாள்.

"மூக்கை மேல தூக்கிக்க. ரெண்டு பக்கச் சுவரையும் கையால பிடிச்சு இழுத்து இழுத்து வா. கொஞ்சத் தூரந்தான்!"

ஜெனிட்டாவின் முதுகையே பார்த்துக்கொண்டு செண்பகவல்லி நுழைந்தாள். பாறை கன்னத்தை உரசியது. மூச்சின் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. இழு... இன்னும் இழு... சட்டென்று சுவர்கள் விலகின!

அம்மாடி! எவ்வளவு பெரிய குகை! கூரைத் துளை வழியாக வெயில் ஒரு தூணைப்போல இறங்கி, குளத்தின் நடுவே நின்றது. அந்தத் துளை வழியாகவே அருவியும் கொட்டியது. விழும் நீர் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னியது. சுவரெல்லாம் நீல ஒளி அசைந்தது.

செண்பகவல்லிக்கும் பேச்சு வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

"நான் வந்துட்டேன் ஜெனி. நான் நீந்தி வந்துட்டேன்!"

"பாத்தியா! நான் சொன்னேம்லா!" ஜெனிட்டாவுக்கு நிலைகொள்ளவில்லை. அருவிக்குப் பக்கத்துப் பாறையில் குரங்குபோல் ஏறினாள். "இங்கேருந்து குதிக்கப்போறேன், பாரு!"

"வேண்டாம் பிள்ள, பாசியா இருக்கு!"

சொல்லி வாய் மூடவில்லை. ஜெனிட்டாவின் கால் வழுக்கியது! பாறையில் மோதி, கையை ஊன்றி, அலறிக்கொண்டு தண்ணீரில் விழுந்தாள்.

செண்பகவல்லி யோசிக்கவில்லை. நீந்திப் போய் அவள் தோளைப் பிடித்துக் கரைத்திட்டுக்கு இழுத்து வந்தாள். ஜெனிட்டாவின் வலது கணுக்கால் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. வலது மணிக்கட்டையும் அசைக்க முடியவில்லை. எத்தனையோ பேருடைய எலும்பு முறிவுகளைப் பார்த்தவள் அவள். தன் காலைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் வெளுத்துப்போனாள்.

"ஒடிஞ்சிருக்குட்டி. கையும் போச்சுன்னு நினைக்கேன்."

"சரி, பதறாத. கொஞ்சம் இரு, ஒரு வழி..."

அப்போது அருவியின் சத்தம் மாறியது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கொட்டும் நீர் தடித்திருந்தது. வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது! கூடவே சருகும் சுள்ளியும். குகைக்குள் வெளிச்சம் மங்கியது.

"மலைக்கு மேல எங்கேயோ மழை!" ஜெனிட்டா கிசுகிசுத்தாள். "வெள்ளம் வருது!"

செண்பகவல்லி குகையைச் சுற்றிப் பார்த்தாள். இந்தத் திட்டிலேயே உட்கார்ந்துவிடலாமா? கூரையை நிமிர்ந்து பார்த்தாள். கூரையின் விரிசல்களில் காய்ந்த குச்சிகளும் ஈச்சநாரும் செருகிக் கிடந்தன. முந்தைய வெள்ளங்கள் கொண்டுவந்து செருகியவை! அப்படியென்றால் குகை முழுவதும் நிரம்பும்.

இடுக்கைப் பார்த்தாள். தலை நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளியைக் காணோம். தண்ணீர் பாறையைத் தொட்டுவிட்டிருந்தது.

"நீ போயிரு," என்றாள் ஜெனிட்டா. "போய் ஆளைக் கூட்டிட்டு வா."

"நீ?"

"எனக்கு ஒத்தக் கைதான் இருக்கு. சுவரைப் பிடிச்சு இழுக்க முடியாது. நீயாவது போ!"

"பேசாத!" செண்பகவல்லி வகுப்பறையில் அதட்டுவதைப்போல அதட்டினாள். "ரெண்டு பேருந்தான் போறோம்."

துப்பட்டாவை அவிழ்த்தாள். ஒரு முனையை ஜெனிட்டாவின் இரண்டு அக்குளுக்கும் கீழே கொடுத்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மறுமுனையை ஜாக்கெட்டுக்குக் கீழே தன் இடுப்பில் கட்டினாள். இடுக்கை நோக்கித் திரும்பியபோதுதான் ஜெனிட்டா அவள் ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதைப் போட்டுட்டு முங்க முடியாதுட்டி. மேல தூக்கிப் பாறையோட ஒட்டவச்சிரும்."

செண்பகவல்லி குனிந்து அந்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் கொக்கிகளைப் பார்த்தாள். காலையிலிருந்து அவளைத் தண்ணீரின் மேல் வைத்திருந்தது அதுதான். கை ஓடவில்லை. ஒரு கணம்தான்! பிறகு கொக்கி ஒவ்வொன்றாகத் திறந்தது. ஜாக்கெட் மிதந்து விலகிப் போனது.

"மூச்சை இழு ஜெனி. நான் இழுத்துட்டே போவேன். நீ காலை அசைக்காத. விட்ராத, என்ன?"

"விடமாட்டேன்."

இருவரும் மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டார்கள். செண்பகவல்லி முங்கினாள்!

இருட்டு. கலங்கல். கண்ணைத் திறந்தும் பயனில்லை. கைகள் இரண்டும் சுவரைத் தேடின. கிடைத்த பிடியைப் பற்றி இழுத்தாள். பின்னாலிருந்து வந்த நீரோட்டம் முதுகில் கைவைத்துத் தள்ளியது. அது நல்லதுதான். ஆனால் தோளைப் பாறையில் தேய்த்தது. இடுப்பில் துப்பட்டா இறுகியது. ஜெனிட்டா வருகிறாள்! நெஞ்சு எரிந்தது. வாயைத் திற, திற என்று உடம்பு கெஞ்சியது. திடீரென்று துப்பட்டா ஒரு இடத்தில் நின்றுவிட்டது. இழுத்தாள். வரவில்லை. கால்களை இருபுறச் சுவரிலும் அகட்டி ஊன்றி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, வெட்டி இழுத்தாள்.

வந்துவிட்டது! வெளிச்சம்! காற்று!

இருமிக்கொண்டே எழுந்தவள் பின்னால் துழாவினாள். ஜெனிட்டாவின் தலைமுடி கையில் அகப்பட்டது. தூக்கினாள். ஜெனிட்டா தண்ணீரைக் கக்கி, பெரிதாக மூச்சு வாங்கினாள்.

"உசுரோட இருக்கியா?"

"முடியை விடுட்டி, வலிக்கு!"

சிரிக்க நேரமில்லை. குளம் முழுவதும் செந்நீராகச் சுழன்றது. நீரோட்டத்தோடு போய்க் கரைப்பாறையில் ஒட்டிக்கொண்டார்கள். இனி எங்கே? வந்த வழியில் ஓட ஜெனிட்டாவுக்குக் கால் இல்லை. செண்பகவல்லி மேலே பார்த்தாள். காலையில் எங்கெங்கோ மேய்ந்த ஆடுகள் எல்லாம் இப்போது ஒரே பாறைமேடையில் நெருக்கியடித்து நின்றன. வீட்டில் ஆடு வளர்த்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்லவேண்டியதில்லை.

"ஆடு நிக்கிற இடத்துக்கு ஏறணும். அங்க தண்ணி வராது!"

ஜெனிட்டா பின்புறமாக உட்கார்ந்து, நல்ல கையை ஊன்றி ஒவ்வொரு பாறையாக ஏறினாள். செண்பகவல்லி கீழிருந்து தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். வலி தாங்காமல் ஜெனிட்டா கடற்கரையில் கற்ற வசவுகளையெல்லாம் கத்தினாள்.

"இன்னும் நல்லாத் திட்டு! திட்டிக்கிட்டே ஏறு!"

ஆடுகள் முனகியபடி இடம்விட்டன. இருவரும் மேடையில் போய் விழுந்தார்கள். அப்போது மலையே உறுமுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்தில் வந்து சேரும் கிளை வாடியின் வளைவைத் தாண்டி வந்தது வெள்ளம்! சுவர்போல எழும்பி, ஈச்சமரங்களைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு, அவர்கள் ஒட்டிக்கொண்டிருந்த பாறையை ஒரே வாயில் விழுங்கிப் போனது. துளிகள் முகத்தில் தெறித்தன. ஜெனிட்டா தோழியின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"பயந்துட்டேன்ட்டி. உள்ள வச்சே பயந்துட்டேன். எங்க கடலுலகூட இப்படி நான் பயந்ததில்லை."

செண்பகவல்லி அவளை இறுக்கிக்கொண்டாள். ஜெனிட்டா பயந்து அவள் பார்த்ததே இல்லை. "நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்று மட்டும் சொன்னாள்.

வெயில் சாய்வதற்குள் மலைச்சரிவில் குரல்கள் கேட்டன. மேட்டில் நின்ற காரைப் பார்த்து, ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஹம்தான் ஊரைத் திரட்டி வந்திருந்தார். இருவரும் உயிரோடு இருப்பதைக் கண்டதும் கையை வானத்துக்கு உயர்த்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். பிறகு மலையாளத்தில் விடாமல் திட்டினார். ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு, "சரி, சரி" என்றாள். கம்பளியில் அவளைக் கிடத்தி, ஆட்டுப்பாதை வழியாகத் தூக்கிச் சென்றார்கள். குகையில் நடந்ததை வழியில் அவள் சொல்லச் சொல்ல, அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது.

ஊர் எல்லையில் பெண்கள் காத்திருந்தார்கள். ஹம்தானின் மனைவி ஸுவைனா ஓடிவந்து செண்பகவல்லியின் சிராய்த்த கைகளைப் பிடித்துக்கொண்டு அரபியில் என்னவோ கேட்டாள். ஹம்தான் அதை மலையாளத்தில் சொல்ல, ஜெனிட்டா தமிழில் எடுத்துச் சொன்னாள்: "தண்ணிக்கு அடியில என்னை இழுத்துட்டு வந்தது நீயான்னு கேக்காங்க."

செண்பகவல்லி தலையாட்டினாள். அவ்வளவுதான், பெண்களெல்லாம் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள்! சூடான கஹ்வாவும் பேரீச்சம்பழமும் வந்தன. அன்று குடித்த காப்பியைப்போல ஒரு காப்பியைத் தான் குடித்ததே இல்லை என்று பிற்பாடு அவள் பலரிடம் சொன்னாள்.

ஜெனிட்டாவின் காலுக்கும் கைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் பிரித்து, உடற்பயிற்சியெல்லாம் முடித்து, நன்றாக நடக்க ஆரம்பித்தபின் ஒரு விடுமுறை நாளில் இருவரும் அதே தோப்புக்குப் போனார்கள். ஸுவைனாவுக்கு ஒரு டப்பா கடலைமிட்டாய் கொடுத்தார்கள். மலைக்கு மேலே மழை உண்டா என்று ஹம்தானிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார்கள். பிறகு முதல் குளம்வரை நடந்தார்கள்.

தண்ணீர் மறுபடி பச்சைக்கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. முழங்கால் ஆழத்தில் ஜெனிட்டா நின்றுவிட்டாள்.

"சும்மாதான் நிக்கேன்," என்றாள். "தண்ணி ரொம்பக் குளிருது."

செண்பகவல்லி அவளைக் கேலி செய்யவில்லை. ஜாக்கெட்டின் கொக்கியைப் பூட்டிக்கொண்டு, தானே முதலில் இறங்கி, திரும்பிக் கையை நீட்டினாள்.

"குகைக்கெல்லாம் இன்னைக்கு வேண்டாம். இந்த ஒரு குளம் போதும். மெதுவா வா. பயமா இருந்தா என் தோளைப் பிடிச்சுக்க."

ஜெனிட்டா அந்தக் கையைப் பிடித்தாள். ஒரு நாள் ஒருத்திக்கு வராத தைரியம் அன்று மற்றவளுக்கு வந்தால் போதும், இருவருக்கும் காணும். பக்கத்தில் பக்கத்தில், அவசரமில்லாமல் நீந்தினார்கள். அக்கரைப் பாறையைத் தொட்டதும் ஜெனிட்டா தலையைச் சிலுப்பிக்கொண்டு உரக்கக் கூவினாள். மலைச்சுவர்கள் அந்தக் கூவலை வாங்கித் திருப்பித் திருப்பிக் கூவின.